பச்சையப்பனா... அறிஞர் அண்ணாவா? காஞ்சிபுரம் மாணவிகள் எந்த மகளிர் கல்லூரியைத் தேர்வு செய்யலாம்? முழு விவரம்!

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே வீடுகளில் ஆரம்பிக்கும் கேள்வி, "பொண்ணை எந்த காலேஜ்ல சேர்க்கிறது?" என்பதுதான். காஞ்சிபுரம் பக்கம் "பொண்ணுங்க மட்டும் படிக்கிற காலேஜ்தான் வேணும், ஃபீஸும் கம்மியா இருக்கணும்" என்று தேடும் குடும்பங்கள் கடைசியில் இரண்டு பெயர்களுக்கு வந்து நிற்கும். ஒன்று, காஞ்சிபுரத்தில் உள்ள பச்சையப்பன் மகளிர் கல்லூரி. இன்னொன்று, வாலாஜாபேட்டையில் உள்ள அறிஞர் அண்ணா அரசு மகளிர் கலைக் கல்லூரி.

இரண்டுமே சென்னையின் பெரிய கல்லூரிகளைப் போல நாடு முழுக்கத் தெரிந்த பெயர்கள் இல்லை. ஆனால் நெசவு, விவசாயம், கூலி வேலை செய்யும் வீடுகளின் மகள்களுக்கு இந்த மாதிரி கல்லூரிகள்தான் டிகிரிக்கான வாசல். இரண்டில் எதைத் தேர்வு செய்வது? எதை வைத்து முடிவெடுப்பது? பார்க்கலாம்.

முதலில், ஊர் பெயரில் குழப்பம் வேண்டாம்!

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் இருப்பது வாலாஜாபாத். கல்லூரி இருப்பது வாலாஜாபேட்டையில். இது ராணிப்பேட்டை மாவட்டம். காஞ்சிபுரத்தில் இருந்து சென்னை - பெங்களூரு தேசிய நெடுஞ்சாலையில் வேலூர் போகும் வழியில் 40 கிலோ மீட்டருக்கு மேல் போக வேண்டும்.

அதேபோல 'அறிஞர் அண்ணா' பெயரில் தமிழ்நாட்டில் பல அரசுக் கல்லூரிகள் உண்டு. காஞ்சிபுரத்துக்கு அருகில் உள்ள செய்யாறிலும் ஓர் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. ஆனால் அது இருபாலர் கல்லூரி. ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது ஊர் பெயரையும் 'மகளிர்' என்ற வார்த்தையையும் பார்த்து டிக் செய்வது அவசியம்.

இரண்டு கல்லூரிகளின் பின்னணி என்ன?

பச்சையப்பன் மகளிர் கல்லூரி 1970-ல் தொடங்கப்பட்டது. பச்சையப்பன் அறக்கட்டளை நடத்தும் கல்லூரிகளில் இதுவும் ஒன்று. 1794-ல் மறைந்த வள்ளல் பச்சையப்ப முதலியார் எழுதி வைத்த சொத்துகளில் இருந்து உருவானது இந்த அறக்கட்டளை. 1842-ல் சென்னையில் பள்ளியாக ஆரம்பித்ததுதான் பின்னாளில் பச்சையப்பன் கல்லூரி ஆனது. காஞ்சிபுரம் மகளிர் கல்லூரி, அரசு உதவி பெறும் வகையைச் சேர்ந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

வாலாஜாபேட்டை கல்லூரி முழுக்க முழுக்க அரசுக் கல்லூரி. வேலூர் மாவட்டம் சேர்க்காட்டில் இயங்கும் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது.

இதில் ஒரு சுவாரஸ்யம். 1909-ல் காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தவர். ஆக, ஒரு கல்லூரிக்கு அண்ணாவின் பெயர், இன்னொன்றுக்கு அண்ணா படித்த கல்லூரியின் பெயர். பெயரை வைத்துப் பார்த்தால் காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இரண்டுமே சொந்தம்தான். அதனால் பெயரைத் தாண்டி மற்ற விஷயங்களைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி: என்ன வித்தியாசம்?

பலரும் சறுக்கும் இடம் இதுதான்.

அரசுக் கல்லூரி என்றால் கட்டடம், பேராசிரியர், சம்பளம் எல்லாமே அரசின் பொறுப்பு. அட்மிஷனை உயர்கல்வித் துறை ஆன்லைன் வழியாக நடத்துகிறது. இளநிலைப் படிப்புக்கு டியூஷன் ஃபீஸ் கிடையாது. சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம், தேர்வுக் கட்டணம் போன்றவை மட்டும் கட்ட வேண்டியிருக்கும்.

அரசு உதவி பெறும் கல்லூரியில் நிர்வாகம் ஓர் அறக்கட்டளையின் கையில் இருக்கும். அரசு அனுமதித்த பணியிடங்களுக்கு அரசே சம்பளம் கொடுக்கும். அதனால் அந்தப் பிரிவுகளில் ஃபீஸ் குறைவு. அட்மிஷனைக் கல்லூரியே தனியாக நடத்தும்.

ஆனால், உதவி பெறும் கல்லூரிகள் பலவற்றில் 'சுயநிதிப் பிரிவு' என்று இன்னொன்றும் இருக்கும். ஒரே கேம்பஸ், ஒரே போர்டு. ஆனால் சுயநிதிப் பிரிவுக்கு அரசின் சம்பள உதவி கிடையாது. ஆசிரியர் சம்பளமும் மாணவிகள் கட்டும் ஃபீஸில் இருந்துதான் வர வேண்டும். அதனால் கட்டணம் அதிகமாக இருக்கும். "எய்டட் காலேஜ்ல சீட் கிடைச்சிருச்சு" என்று சந்தோஷப்பட்டு, பிறகு சலானைப் பார்த்து அதிர்ச்சி அடையும் குடும்பங்கள் உண்டு.

அட்மிஷன் லெட்டரை வாங்கும் முன் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "இந்த கோர்ஸ் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா?"

'ஷிப்ட்' என்ற வார்த்தையிலும் இதே சிக்கல் இருக்கிறது. உதவி பெறும் கல்லூரிகளில் இரண்டாவது ஷிப்ட் பெரும்பாலும் சுயநிதியாக இருக்கும். அரசுக் கல்லூரியில் இரண்டாவது ஷிப்ட் என்றாலும் அது அரசுப் பிரிவுதான், ஃபீஸ் மாறாது. அங்கே மாறுவது வீடு திரும்பும் நேரம்.

தூரம்: மூன்று வருஷத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்

காஞ்சிபுரம் நகரத்தில் இருந்து வாலாஜாபேட்டைக்குத் தினமும் போய் வருவதாக வைத்துக்கொள்வோம். பஸ்ஸுக்குக் காத்திருப்பது, நடப்பது எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 3 மணி நேரம் என்று கணக்கிடலாம். ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள், 6 செமஸ்டருக்கு 540 நாட்கள். மொத்தம் 1,620 மணி நேரம். அதாவது, இரவு பகலாக 67 நாட்களுக்கு மேல் பயணத்திலேயே போகும்.

ரயிலில் போகலாமே என்றால், காஞ்சிபுரம் இருப்பது அரக்கோணம் - செங்கல்பட்டு பாதையில். வாலாஜா ரோடு ஸ்டேஷன் இருப்பது அரக்கோணம் - ஜோலார்பேட்டை பாதையில். இடையில் அரக்கோணத்தில் வண்டி மாற வேண்டும். தினசரி கல்லூரிக்கு இது சரிப்பட்டு வருவது கஷ்டம். பஸ்தான் நேர் வழி.

இதுவே வேறு ஊரில் இருந்து பார்த்தால் கணக்கு மாறிவிடும். நெடுஞ்சாலையில் காஞ்சிபுரத்தைத் தாண்டினால் வரிசையாக பாலுசெட்டிசத்திரம், தாமல், ஓச்சேரி, காவேரிப்பாக்கம், அப்புறம் வாலாஜாபேட்டை. பாலுசெட்டிசத்திரம், தாமல் மாணவிகளுக்குக் காஞ்சிபுரம் பக்கம். காவேரிப்பாக்கம் மாணவிக்கு வாலாஜாபேட்டைதான் பக்கம். நடுவில் இருக்கும் ஓச்சேரி மாணவிகளுக்குத்தான் உண்மையிலேயே இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கிறது. அவர்கள் தூரத்தை ஓரம் வைத்துவிட்டு, கோர்ஸையும் ஃபீஸையும் வைத்து முடிவெடுக்கலாம்.

ஃப்ரீ பஸ் இருக்கே... செலவு ஏது?

2021 மே மாதம் முதல் பெண்களுக்குக் கட்டணமில்லா பயணம் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது சாதாரண கட்டண டவுன் பஸ்களுக்கு மட்டும்தான். காஞ்சிபுரத்தில் இருந்து வேலூர் போகும் புறநகர் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் எடுக்க வேண்டும்.

அதனால் டவுன் பஸ் ஓடும் கிராமத்தில் இருந்து காஞ்சிபுரம் வந்து படிக்கும் மாணவிக்குப் போக்குவரத்துச் செலவு கிட்டத்தட்ட இல்லை. வாலாஜாபேட்டைக்குப் போகும் மாணவிக்கு, அரசுக் கல்லூரி மாணவர்களுக்கான இலவச பஸ் பாஸ் கைகொடுக்கும். ஆனால் பாஸ் கல்லூரி திறந்த அன்றே கைக்கு வந்துவிடாது. அது எந்த ரூட்டுக்கு, எந்த வகை பஸ்ஸுக்குச் செல்லும், காலையில் அந்த பஸ் எத்தனை மணிக்கு வரும் என்பதைக் கல்லூரி அலுவலகத்திலும் டெப்போவிலும் முன்கூட்டியே விசாரிப்பது நல்லது.

தறி வீட்டுப் பெண்களுக்கு அட்டெண்டன்ஸ் ஏன் முக்கியம்?

காஞ்சிபுரத்தில் படிப்பை நடுவில் இழுத்துப் பிடிப்பது ஃபீஸ் மட்டும் இல்லை. வீட்டு வேலையும்தான். கோர்வைச் சேலை நெய்ய, தறியில் நெய்பவரோடு உதவிக்கு இன்னொரு ஆள் வேண்டும். தார் சுற்றவும் கை வேண்டும். முகூர்த்த சீசனிலும் தீபாவளி ஆர்டர் நேரத்திலும் "இன்னிக்கு ஒரு நாள் லீவு போடும்மா" என்று கேட்பது பல வீடுகளில் சகஜம்.

செமஸ்டர் தேர்வு எழுத பொதுவாக 75 சதவீத வருகை வேண்டும். 90 நாளில் அதிகபட்சம் 22 நாள்தான் லீவு போட முடியும். வாரத்துக்கு ஒரு நாள் லீவு போட்டாலே 18 நாள் காலி. மீதி 4 நாள். காய்ச்சல், உறவில் கல்யாணம், பஸ் ஸ்டிரைக் எல்லாவற்றுக்கும் அந்த 4 நாளை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

45 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் கல்லூரியில், காலை பஸ்ஸைத் தவறவிட்டால் அந்த நாளே போய்விடும். ஊருக்குள் இருக்கும் கல்லூரியில் முதல் பீரியட் போனாலும் இரண்டாவது பீரியடுக்குப் போய் உட்காரலாம். டிகிரியை முடிப்பதா, இரண்டாம் வருஷத்தில் நின்றுவிடுவதா என்பதை இந்தச் சின்ன வித்தியாசம் தீர்மானிக்கும் வீடுகள் இருக்கின்றன.

ஹாஸ்டலில் தங்கலாமா?

தூரத்துக்கு ஒரு தீர்வு இருக்கிறது. பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர் நலத்துறையும் ஆதிதிராவிடர் நலத்துறையும் கல்லூரி மாணவிகளுக்கு விடுதிகள் நடத்துகின்றன. உணவும் தங்குமிடமும் இலவசம். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோ மீட்டருக்கு மேல் தூரம் இருக்க வேண்டும் என்ற விதி உண்டு. ஆனால் மாணவிகளுக்கு அந்த விதி பொருந்தாது. பெற்றோர் வருமான வரம்பு மட்டும் பார்க்கப்படும்.

வாலாஜாபேட்டை பக்கம் சேர முடிவெடுத்தால், காலேஜ் சீட்டோடு சேர்த்து ஹாஸ்டல் சீட்டுக்கும் விண்ணப்பிக்க வேண்டும். "முதல்ல சேர்ந்துடலாம், ஹாஸ்டலை அப்புறம் பார்த்துக்கலாம்" என்று விட்டால் இடம் நிரம்பிவிட வாய்ப்பு அதிகம்.

புதுமைப் பெண் திட்டம் எந்தக் கல்லூரியில் கிடைக்கும்?

இரண்டிலும் கிடைக்கும்! எனவே ரூ.1,000 கிடைக்கும் என்பதற்காக ஒரு கல்லூரியை விட்டு இன்னொன்றுக்குப் போகத் தேவையில்லை.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண நிதியுதவியாக இருந்த திட்டம், 2022 செப்டம்பர் 5 முதல் உயர்கல்வி உதவியாக, 'புதுமைப் பெண்' என்ற பெயரில் மாறியது. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளின் வங்கிக் கணக்கில், படிப்பை முடிக்கும் வரை மாதம் ரூ.1,000 வரவு வைக்கப்படும். 2024 டிசம்பர் இறுதியில், அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்த மாணவிகளுக்கும் இது விரிவுபடுத்தப்பட்டது. மூன்று வருஷ டிகிரிக்குக் கணக்குப் போட்டால் ஏறக்குறைய ரூ.36,000.

விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போகும். மாணவியின் சொந்தப் பெயரில், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருப்பது அவசியம்.

69 சதவீத இட ஒதுக்கீடும் அப்படித்தான். அரசுக் கல்லூரிக்கும், உதவி பெறும் கல்லூரிக்கும் பொருந்தும்.

எந்தப் பல்கலைக்கழக டிகிரிக்கு மதிப்பு அதிகம்?

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ல் தொடங்கியது. திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-ல் வந்தது. ஆனால் டிஎன்பிஎஸ்சி, ஆசிரியர் தேர்வு வாரியம், வங்கித் தேர்வு எதிலும் இந்த இரண்டு டிகிரிக்கும் வித்தியாசம் பார்ப்பதில்லை. இரண்டுமே யுஜிசி அங்கீகாரம் பெற்ற அரசுப் பல்கலைக்கழகங்கள்.

மதிப்பை மாற்றுவது வேறு இரண்டு விஷயங்கள்.

1. தமிழ் வழியா, ஆங்கில வழியா? தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. 2010-ல் வந்த இந்தச் சட்டம் 2020-ல் திருத்தப்பட்டது. டிகிரி தகுதியுள்ள வேலை என்றால், பள்ளிப் படிப்பு முதல் டிகிரி வரை எல்லாமே தமிழ் வழியில் இருக்க வேண்டும். பிளஸ் டூ வரை தமிழ் மீடியத்தில் படித்த மாணவி, தெரியாமல் ஆங்கில வழி டிகிரியில் சேர்ந்தால், டிகிரி கேட்கும் வேலைகளில் இந்த ஒதுக்கீட்டை இழப்பார். அரசு வேலைதான் இலக்கு என்றால், எந்தக் கல்லூரியில் அந்தப் பாடம் தமிழ் வழியில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஐடி, தனியார் வேலைதான் இலக்கு என்றால் ஆங்கில வழி வசதியாக இருக்கலாம்.

2. டீச்சர் ஆக ஆசையா? தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல் போன்ற பாடங்களில் டிகிரி முடித்தால் நேரடியாக பி.எட். போகலாம். ஆனால் வணிகவியல், பொருளாதாரம் போன்ற பாடங்களுக்குத் தமிழ்நாட்டில் முதுநிலை முடித்த பிறகுதான் பி.எட். சேர முடியும். அதாவது மேலும் இரண்டு வருஷம். "எந்த டிகிரியா இருந்தா என்ன, அப்புறம் பி.எட். போட்டுக்கலாம்" என்று நினைத்து பி.காம். எடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லூரிக்கு நேரில் போனால் என்ன கேட்க வேண்டும்?

கட்டடத்தைப் பார்த்துவிட்டு வராமல், சேரப் போகும் துறையைப் பார்க்க வேண்டும். அங்கே படிக்கும் சீனியர் அக்கா ஒருவரிடம் பத்து நிமிஷம் பேசினால் பல விஷயங்கள் தெரிந்துவிடும்.

- துறையில் நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர்? கௌரவ விரிவுரையாளர்கள் எத்தனை பேர்?
- அதே பாடத்தில் முதுநிலைப் படிப்பு இருக்கிறதா?
- அறிவியல் படிப்பு என்றால், லேபில் வாரத்துக்கு எத்தனை முறை செய்முறை வகுப்பு நடக்கிறது?
- வகுப்பு எத்தனை மணிக்கு முடியும்? அதற்குப் பிறகு ஊருக்கு எத்தனை பஸ்?
- கழிப்பறை, குடிநீர், நாப்கின் எரியூட்டி எல்லாம் வேலை செய்கிறதா?
- மாணவிகள் புகார் கொடுக்க உள் புகார் குழு இருக்கிறதா? அதன் தலைவர் யார்?
- நாக் தரச்சான்று இருக்கிறதா? அது எந்த ஆண்டு வரை செல்லும்?

ராகிங் பிரச்னை என்றால் 1800-180-5522, பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டையும் போனில் சேமித்து வைக்கலாம்.

விண்ணப்பிப்பது எப்படி?

இரண்டு கல்லூரிக்கும் வழி வேறு வேறு. ஒன்றுக்குப் போட்டால் இன்னொன்றுக்குப் போட்டதாக ஆகாது.

வாலாஜாபேட்டை அரசுக் கல்லூரி: உயர்கல்வித் துறையின் 'டிஎன்காசா' இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கடந்த ஆண்டுகளில் விண்ணப்பக் கட்டணம் ரூ.48, பதிவுக் கட்டணம் ரூ.2. எஸ்சி, எஸ்டி மாணவிகளுக்கு ரூ.2 மட்டும். பிளஸ் டூ ரிசல்ட்டை ஒட்டி, மே மாதத்தில் பதிவு தொடங்கும். முதலில் மாற்றுத்திறனாளிகள், விளையாட்டு வீரர்கள் போன்ற சிறப்புப் பிரிவு கலந்தாய்வு, பிறகு பொதுக் கலந்தாய்வு. பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மதிப்பெண், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மதிப்பெண், மற்ற படிப்புகளுக்கு நான்கு முக்கியப் பாடங்களின் 400 மதிப்பெண் கணக்கில் எடுக்கப்படும். மொத்த மார்க் குறைவாக இருந்தாலும் தமிழில் நல்ல மார்க் எடுத்த மாணவிக்கு பி.ஏ. தமிழ் கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பது இதனால்தான்.

பச்சையப்பன் மகளிர் கல்லூரி: கல்லூரி வெளியிடும் அறிவிப்பைப் பார்த்து, அங்கேயே தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மே, ஜூன் மாதங்களில் காஞ்சிபுரம் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம். வரதராஜப் பெருமாள் கோயில் வைகாசி பிரம்மோற்சவம் பெரும்பாலும் அதே சமயத்தில்தான் வரும். கருட சேவை, தேர் நாட்களில் ஊருக்குள் போக்குவரத்து மாற்றம் இருக்கும். சான்றிதழ் சரிபார்ப்பு அந்த நாளில் என்றால் சீக்கிரமே கிளம்புவது நல்லது.

ஒன்றில் சேர்ந்துவிட்டு இன்னொன்றுக்கு மாறலாமா?

மாறலாம், ஆனால் அலைச்சல். அசல் மதிப்பெண் சான்றிதழைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரியிலேயே பிடித்து வைக்கக் கூடாது என்பது யுஜிசி விதி. குறிப்பிட்ட தேதிக்குள் விலகினால் கட்டிய ஃபீஸைத் திருப்பித் தரவும் யுஜிசி சொல்கிறது. ஆனால் டிசி, சேரும் கல்லூரியிடம் போய்விடும். அதைத் திரும்ப வாங்கித்தான் அடுத்த கல்லூரியில் சேர முடியும். அதனால் மார்க் ஷீட், டிசி, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் நான்கைந்து நகல் எடுத்து வைத்துக்கொண்டு, இரண்டு கல்லூரிகளின் தேர்வுப் பட்டியலும் வரும் தேதியை விசாரித்த பிறகு டிசியைக் கொடுப்பது பாதுகாப்பு.

முதல் வருஷம் முடித்த பிறகு மாறுவது இன்னும் சிக்கல். பல்கலைக்கழகமே வேறு என்பதால் பாடத்திட்டமும் மாறும்.

சரி, யார் எதைத் தேர்வு செய்யலாம்?

- காஞ்சிபுரம் நகரம், சுற்றியுள்ள டவுன் பஸ் கிராமங்கள்: விரும்பும் பாடம் எய்டட் பிரிவில் கிடைத்தால் பச்சையப்பன் மகளிர் கல்லூரியே வசதி. பயணமும் குறைவு, படிப்பு தடைபடும் வாய்ப்பும் குறைவு.
- அதே பாடம் சுயநிதிப் பிரிவில்தான் கிடைக்கிறது என்றால்: மூன்று வருஷ ஃபீஸை மொத்தமாகக் கூட்டி, வாலாஜாபேட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படிப்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஹாஸ்டல் உறுதி என்றால் அரசுக் கல்லூரி செலவைக் குறைக்கும்.
- காவேரிப்பாக்கம், வாலாஜா பக்கம்: அரசுக் கல்லூரிதான் முதல் சாய்ஸ்.
- ஓச்சேரி போல நடுவில் இருப்பவர்கள்: இரண்டுக்கும் விண்ணப்பியுங்கள். எங்கே விரும்பிய பாடம், விரும்பிய மீடியத்தில் கிடைக்கிறதோ அங்கே சேருங்கள்.
- விரும்பாத பாடம் பக்கத்தில், விரும்பிய பாடம் தூரத்தில் என்றால்: பி.எட்., தமிழ் வழி ஒதுக்கீடு போன்றவை பாடத்தையும் மீடியத்தையும் வைத்துத்தான் இருக்கின்றன. தினமும் போய் வர முடியுமா என்று ஒரு வேலை நாளில் காலை பஸ்ஸிலேயே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு, மகளையும் உட்கார வைத்துப் பேசி முடிவெடுக்கலாம்.

கையில் தயாராக இருக்க வேண்டியவை: 10, 11, 12-ம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்கள், டிசி, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், மாணவி பெயரில் வங்கி பாஸ்புக், போட்டோ. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் ரிசல்ட்டுக்கு முன்பே விண்ணப்பித்துவிட்டால் கடைசி நேர அலைச்சல் இருக்காது.